உள்ளூர்ப் பக்கங்களை முனையத்திலிருந்து உலாவியில் திறக்கும் 'காட்டு' ஸ்கிரிப்ட்

என் குறிப்புகள் எல்லாம் மார்க்டவுன் கோப்புகளாக, வீட்டு அடைவுக்குள் 'குறிப்புகள்' என்ற அடைவில் இருக்கின்றன. அவற்றை, ஆவண வடிவங்களை மாற்றும் பேண்டாக் என்ற நிரலைக் கொண்டு எச்டிஎம்எல்லாக மாற்றுவது ஒரே வரி வேலை. ஆனால் மாற்றிய பிறகு கோப்பு மேலாளரைத் திறந்து, அடைவுக்குள் அடைவாக இறங்கி, கோப்பை இருமுறை சொடுக்கினால்தான் படிக்க முடிகிறது என்பது தொந்தரவாக இருந்தது. முனையத்தில் 'காட்டு' என்று தட்டிக் குறிப்பின் பெயரைக் கொடுத்தால் அது உலாவியில் விரிய வேண்டும்; பெயருடன் ஓர் உட்தலைப்பையும் கொடுத்தால் நேரே அந்த இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். இந்த இரண்டுக்காகவும் எழுதிய சிறு பைதான் ஸ்கிரிப்டைப் பற்றியது இந்தப் பதிவு. கணினியில் உபுண்டு 22.04, க்னோம் மேசைத்தளம், பைதான் 3.10, ஸ்னாப் பொதியாக (தனி அடைப்புக்குள் இயங்கும் மென்பொருள் பொதி) வரும் ஃபயர்ஃபாக்ஸ் ஆகியவை உள்ளன. கட்டளைகளின் பெயர்களை இங்கே தமிழெழுத்தில் தருகிறேன். முனையத்தில் அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும்.

பக்கத்தைத் திறப்பது என்று பேச்சுக்குச் சொன்னாலும், ஸ்கிரிப்ட் எதையும் திறப்பதில்லை. அது ஒரு முகவரியை எழுதி இன்னொரு நிரலின் கையில் கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறது. அந்த நிரலும் பெரும்பாலும் தானே திறக்காமல் வேறொன்றிடம் தள்ளிவிடுகிறது. கடைசியாக முகவரியைப் பெறும் உலாவி, ஸ்கிரிப்ட் பார்க்கும் அதே கோப்புகளைத்தான் பார்க்கிறது என்பதற்கோ, உடனே பார்க்கிறது என்பதற்கோ எந்த உறுதியும் இல்லை. நான் சந்தித்த சிக்கல்கள் ஏறக்குறைய எல்லாமே இந்தக் கைமாற்றத்தில் எழுந்தவை.

முதலில் முகவரி. உள்ளூர்க் கோப்புக்கான முகவரி 'ஃபைல்' என்ற சொல், முக்காற்புள்ளி, மூன்று சாய்கோடுகள் என்று தொடங்கும். முதல் இரண்டு சாய்கோடுகளுக்குப் பின் கணினியின் பெயர் வர வேண்டிய இடம் வெறுமையாக விடப்படுகிறது. மூன்றாவது சாய்கோடு முழுப்பாதையின் தொடக்கம். இதை வரையறுக்கும் ஆவணம் 2017இல் வெளிவந்த ஆர்எஃப்சி 8089. இந்த அமைப்பில் சார்புப் பாதைக்கு இடமே இல்லை. ஆகவே பைதானின் பாத்லிப் தொகுப்பில் உள்ள 'ஆஸ்_யூஆர்ஐ' என்ற செயல்கூறு, சார்புப் பாதையைக் கொடுத்தால் முகவரி எதையும் தராமல் வேல்யூ-எரர் எழுப்பி நிறுத்திவிடுகிறது. அது நல்ல குணம் என்றே நினைக்கிறேன். தவறான முகவரியோடு உலாவி வரைக்கும் போய், அங்கே வெற்றுப் பக்கத்தைப் பார்த்துத் திகைப்பதைவிட, முனையத்திலேயே நின்றுவிடுவது மேல்.

முகவரியைச் சரங்களை ஒட்டி நாமே செய்துவிடலாம் என்ற எண்ணம் எளிதில் வரும். சாதாரணப் பெயர்களுக்கு அது வேலையும் செய்யும். கோப்பின் பெயரில் '#' இருந்தால் கதை மாறிவிடும். 'சி#-பாடம்' என்று ஒரு கோப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாற்றாமல் கொடுத்த முகவரியில் '#' வந்ததும் உலாவி கோப்பின் பெயர் அங்கேயே முடிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, 'சி' என்ற கோப்பைத் தேடி, இல்லை என்று சொல்லிவிடும். கேள்விக்குறிக்கும் இதே கதிதான். இடைவெளி %20 ஆகவும், '#' என்பது %23 ஆகவும் மாற வேண்டும். தமிழ்ப் பெயர்களில் ஒவ்வொரு யூனிகோடு குறியும் யுடிஎஃப்-8இல் மூன்று பைட்டுகள். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் ஒரு சதவிகிதக் குறியும் இரண்டு இலக்கங்களுமாக மூன்று எழுத்துகளை எடுத்துக்கொள்ளும். 'குறிப்புகள்' என்ற அடைவின் பெயர் கண்ணுக்கு ஆறெழுத்து; கணினிக்கு 11 குறிகள், 33 பைட்டுகள்; முகவரியில் 99 எழுத்துகள். ஆஸ்_யூஆர்ஐ இதையெல்லாம் தானே செய்துவிடுகிறது. முனையத்தின் கட்டளை மொழியான பாஷில் எழுதத் தொடங்கியதைப் பைதானுக்கு மாற்றியதற்கு முதற்காரணம் இதுதான். முகவரியாகக் கொடுப்பதில் கூடுதல் நன்மை ஒன்றும் உண்டு: கோப்பின் பெயர் சிறுகோட்டில் தொடங்கினாலும், உலாவி அதைத் தனக்கான விருப்பத்தேர்வாக எடுத்துக்கொள்ளாது.

முழுப்பாதையை எந்தச் செயல்கூற்றால் பெறுகிறோம் என்பதும் முக்கியம். 'ரிசால்வ்' என்பது குறியீட்டு இணைப்புகளைப் பின்தொடர்ந்து உண்மையான இடத்தைத் தரும். 'ஆப்சல்யூட்' நாம் கொடுத்த பெயரை அப்படியே வைத்து முன்பகுதியை மட்டும் சேர்க்கும். பக்கத்துக்குள் படங்களும் ஸ்டைல் கோப்புகளும் சார்புப் பாதைகளாக இருந்தால், உலாவி அவற்றை முகவரியில் உள்ள அடைவிலிருந்துதான் தேடும். ஒரே அடைவில் இணைப்புகளாகச் சேர்த்து வைத்த பக்கங்களுக்கு ரிசால்வைப் பயன்படுத்தினால் பக்கம் வரும், படம் வராது. நான் ஆப்சல்யூட்டையே வைத்திருக்கிறேன்.

அடுத்து, முகவரியை யாரிடம் கொடுப்பது என்ற கேள்வி. லினக்ஸ் மேசைத்தளங்களில் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 'எக்ஸ்டிஜி-ஓபன்'. அது உலாவி அன்று. எந்த மேசைத்தளம் ஓடுகிறது என்று பார்த்து, க்னோம் என்றால் 'ஜிஐஓ ஓபன்', கேடிஇ என்றால் அதற்குரிய கட்டளை என வேலையைத் தள்ளிவிடும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். வெளியேறும்போது அது தரும் எண்கள் பயனுள்ளவை: 1 என்றால் கட்டளையின் அமைப்பில் பிழை, 2 என்றால் கோப்பு இல்லை, 3 என்றால் தேவையான கருவி இல்லை, 4 என்றால் செயல் தோல்வி. ஆனால் 0 வந்தால் பக்கம் திறந்துவிட்டது என்று பொருளல்ல. ஒப்படைத்தாயிற்று என்பது மட்டுமே.

உள்ளூர்க் கோப்புக்கும் இணைய முகவரிக்கும் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. எச்டிடிபி முகவரி என்றால் அந்த நெறிமுறைக்கு எந்த நிரல் பதிவாகியிருக்கிறதோ அது திறக்கும்; உள்ளூர்க் கோப்பு என்றால் கோப்பின் வகையைப் பார்த்து, 'டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்' வகைக்கு யார் பதிவு செய்திருக்கிறார்களோ அவர்கள் திறப்பார்கள். ஏதாவது ஒரு உரைத்திருத்தி அந்த வகையைத் தன் பேரில் எழுதிக்கொண்டிருந்தால், இணைய முகவரிகள் ஒழுங்காக உலாவிக்குப் போகும். உள்ளூர்ப் பக்கமோ குறிச்சொற்களோடு திருத்தியில் விரியும். 'எக்ஸ்டிஜி-மைம் குவரி டிஃபால்ட்' என்ற கட்டளையோடு அந்த வகையைக் கொடுத்துக் கேட்டால் யார் பொறுப்பில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதே கருவியில் 'டிஃபால்ட்' என்ற துணைக்கட்டளையால் மாற்றியும் விடலாம்.

எக்ஸ்டிஜி-ஓபனை நான் கைவிட்டதற்குக் காரணம் வேறு. முகவரியின் இறுதியில் '#' போட்டு உட்தலைப்பின் பெயரைச் சேர்த்துக் கொடுத்தால் பக்கம் திறக்கும், ஆனால் எப்போதும் உச்சியிலேயே நிற்கும். முகவரி வழியில் கோப்புப் பாதையாக மாற்றப்படும்போது '#' முதல் இறுதி வரை வெட்டி எறியப்படுகிறது. உலாவியைப் போய்ச் சேர்வது வாலில்லாத வெறும் கோப்புதான். பாதையாகவே வாலோடு கொடுத்தால் நிலைமை இன்னும் மோசம்: அப்படியொரு பெயரில் கோப்பு இல்லை என்று பிழையோடு வெளியேறிவிடும். வால் வெட்டுப்படுவது லினக்ஸுக்கு மட்டும் உரியதன்று. விண்டோஸிலும் கோப்பு வகை முகவரி இயங்குதளத்தின் வழியாகப் போகும்போது இதே நடக்கிறது.

பைதானோடு வரும் 'வெப்பிரவுசர்' தொகுப்பு இதில் சற்றுப் புத்திசாலி. 'எக்ஸ்டிஜி-செட்டிங்ஸ்' வழியாக இயல்பு உலாவி எது என்று கேட்டு, அந்தப் பெயர் தன் பட்டியலில் இருந்தால், இடைத்தரகர் இல்லாமல் அந்த உலாவியையே அழைக்கிறது. என் கணினியில் ஃபயர்ஃபாக்ஸ் நேரடியாக அழைக்கப்படுவதால் வால் தப்பிப் பிழைக்கிறது, உட்தலைப்பு சரியாக வந்து நிற்கிறது. பட்டியலில் இல்லாத உலாவி ஒருவருக்கு இயல்பாக இருந்தால் வேலை எக்ஸ்டிஜி-ஓபனிடமே போகும், வாலும் போய்விடும்.

எல்லா இடங்களிலும் நிற்கக்கூடிய வழியாகக் கிடைத்தது ஒரு திருப்பிவிடும் பக்கம். ஸ்கிரிப்ட் முதலில் ஓர் ஐந்து வரிச் சிறு எச்டிஎம்எல் கோப்பை எழுதுகிறது. அதன் தலைப்பகுதியில் 'மெட்டா ரிஃப்ரெஷ்' குறிச்சொல், பூச்சிய நொடியில் உண்மையான முகவரிக்கு, வாலோடு சேர்த்து, போகச் சொல்கிறது. உலாவியிடம் ஒப்படைப்பது இந்தச் சிறு கோப்பைத்தான். இதன் முகவரியில் வெட்டுவதற்கு எதுவும் இல்லை; வால் கோப்பின் உள்ளே பத்திரமாக இருக்கிறது. உட்தலைப்பு கேட்கப்பட்டால் மட்டும் இந்த வழி, இல்லையேல் நேரடி முகவரி என்று பிரித்திருக்கிறேன். தலைப்புகளுக்குப் பேண்டாக் தானாகச் சூட்டும் பெயர்களை நம்பாமல், மார்க்டவுனிலேயே தலைப்புக்குப் பக்கத்தில் நெளி அடைப்புக்குள் '#' போட்டு நானே பெயர் கொடுத்துவிடுகிறேன். தலைப்பின் சொற்களை மாற்றினாலும் பெயர் மாறாது.

அதிக நேரத்தை விழுங்கியது அடுத்த சிக்கல். தற்காலிக எச்டிஎம்எல் கோப்பை எல்லா நிரல்களும் செய்வதைப் போல /டிஎம்பி அடைவில்தான் எழுதியிருந்தேன். ஃபயர்ஃபாக்ஸ் 'கோப்பு காணப்படவில்லை' என்றது. முனையத்தில் 'எல்எஸ்' போட்டால் கோப்பு அங்கேயே இருக்கிறது, அனுமதிகளும் சரி, முகவரியில் எழுத்துப் பிழையும் இல்லை. இரண்டு நிரல்கள் ஒரே பாதையைப் பார்த்து இரண்டு பதில் சொல்கின்றன என்றால், அவை பார்க்கும் அடைவு ஒன்றாக இருக்க முடியாது. 'ஸ்னாப் ரன் --ஷெல் ஃபயர்ஃபாக்ஸ்' என்ற கட்டளை, அந்தப் பொதியின் அடைப்புக்குள் இருந்தபடியே ஒரு ஷெல்லைத் திறந்து தரும். அதற்குள் நின்று /டிஎம்பியைப் பட்டியலிட்டதும் விடை கிடைத்தது: என் கோப்பு அங்கே இல்லை. ஸ்னாப் பொதிகள் ஒவ்வொன்றுக்கும் /டிஎம்பி என்ற பெயரில் தனி அடைவு கொடுக்கப்படுகிறது. ஒரு நிரலின் தற்காலிகக் கோப்புகளை மற்றொன்று துழாவாமல் இருக்க வேண்டுமென்று செய்த ஏற்பாடு அது. பாதுகாப்பு நோக்கில் அதைக் குறை என்று சொல்ல முடியாது.

சரி, வீட்டு அடைவுக்குள் '.கேஷ்' அடைவில் வைக்கலாமே என்று தோன்றும். அதுவும் ஆகாது. வீட்டு அடைவைப் பார்க்கும் அனுமதி பொதிக்கு இருந்தாலும், அதன் முதல் மட்டத்தில் புள்ளியில் தொடங்கும் மறைவு அடைவுகள் அந்த அனுமதியில் சேரா. இரகசியச் சாவிகளும் கடவுச்சொற்களும் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கின்றன என்பதால் அது நியாயமான விலக்கு. முடிவில், மறைவில்லாத குறிப்புகள் அடைவுக்குள்ளேயே 'வெளியீடு' என்று ஓர் உள்ளடைவு வைத்து, எச்டிஎம்எல் கோப்புகளும் திருப்பிவிடும் பக்கமும் அதற்குள் எழுதப்படுமாறு மாற்றினேன். அதிலிருந்து அந்தப் பிழைச்செய்தி வரவில்லை.

திருப்பிவிடும் பக்கம், அடைப்புக்குள் ஓடும் உலாவி என்ற இதே இரண்டு அம்சங்களும் பெரிய மென்பொருளிலும் சந்தித்துக்கொள்வதைப் பின்னர் கவனித்தேன். உலாவிக்குள் நிரல் எழுதி ஓட்ட உதவும் ஜூபிட்டர் நோட்புக்கின் 5.7.2க்குப் பிந்தைய பதிப்புகள், நுழைவுச் சாவி புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) பட்டியலில் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, நான் செய்ததைப் போன்ற திருப்பிவிடும் கோப்பு ஒன்றை எழுதி அதையே உலாவியிடம் கொடுக்கின்றன. லினக்ஸில் அந்தக் கோப்பு எழுதப்படும் இடம் வீட்டு அடைவின் '.லோக்கல்' அடைவுக்குள்; அடைப்புக்குள் இயங்கும் உலாவிக்கு அது கண்ணில் படாது. 'யூஸ்_ரீடைரக்ட்_ஃபைல்' என்ற அமைப்பை அணைத்துவிட்டால் ஜூபிட்டர் முகவரியை நேரடியாகக் கொடுக்கும். கோ மொழியின் கவரேஜ் அறிக்கையும் (சோதனைகள் நிரலின் எந்த வரிகளைத் தொட்டன என்று காட்டுவது) தற்காலிக அடைவில்தான் எழுதப்படுகிறது என்பதால், அதைத் திறக்க முடியாதவர்களும் முதலில் இந்தப் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

வெளியீட்டு அடைவைத் தனியாக வைத்ததில் துணைச் சிக்கல் ஒன்று முளைத்தது: குறிப்பு ஓரிடம், எச்டிஎம்எல் வேறிடம் என்பதால் சார்புப் பாதையில் இருந்த படங்கள் காணாமல் போயின. பேண்டாக்கின் '--செல்ஃப்-கன்டெய்ன்டு' விருப்பம் படங்களையும் ஸ்டைலையும் பக்கத்துக்குள்ளேயே பொதிந்துவிடும், உபுண்டு 22.04 தரும் 2.9 பதிப்பில் அதன் பெயர் அதுதான், 2.19 முதல் '--எம்பெட்-ரிசோர்சஸ்' என்று மாறியிருக்கிறது. முழுப்பக்கமாக எழுதச் சொல்லும் '-எஸ்' விருப்பத்தைப் பற்றியும் ஒரு சொல்: அது இல்லாவிட்டால் பேண்டாக் தலைப்பகுதி இல்லாத துண்டைத் தரும், யுடிஎஃப்-8 என்று அறிவிக்கும் மெட்டா குறிச்சொல்லும் இராது. சர்வர் எதுவும் இல்லாத உள்ளூர்ப் பக்கத்துக்கு எழுத்துக் குறிமுறையை எடுத்துச் சொல்ல வேறு யாரும் இல்லை; அந்தக் குறிச்சொல் முதல் 1024 பைட்டுகளுக்குள் இருக்க வேண்டும் என்பது எச்டிஎம்எல் விதி.

தற்காலிகக் கோப்பை எப்போது அழிப்பது? ஒப்படைத்த உடனே அழித்தால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஃபயர்ஃபாக்ஸ் முகவரியை வாங்கிக்கொண்டு பக்கத்தைப் படிக்கப் போகும்போது கோப்பு இருக்காது. அழைத்த கட்டளை முடிந்துவிட்டதே என்றால், அது செய்தியைக் கொண்டுபோய்க் கொடுத்த தூதன் மட்டுமே. பக்கத்தைப் படிப்பது பழைய புராசஸ். சில நொடிகள் காத்திருந்து அழிப்பதும் உதவாது, ஏனென்றால் பிறகு எஃப்5 அழுத்தினாலோ, உலாவியை மூடித் திறந்து பழைய டேப்களை மீட்டாலோ வெற்றுப் பக்கம்தான் வரும். ஆகவே அழிக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டு, ஒரு குறிப்புக்கு ஒரே நிலையான வெளியீட்டுப் பெயர் என்று வைத்து, ஒவ்வொரு முறையும் அதன் மேலேயே எழுதுகிறேன். குறிப்பைத் திருத்திய பின் முன்பே திறந்திருக்கும் டேப்பில் எஃப்5 அழுத்தினாலே போதும் என்ற வசதி இதனால் இலவசமாகக் கிடைத்தது.

உலாவி மூடியிருக்கும்போது மட்டும் 'காட்டு' கட்டளை சற்று நேரம் முனையத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கவனித்தேன். வெப்பிரவுசர் தொகுப்பின் மூலநிரலைத் திறந்து பார்த்தால் காரணம் தெளிவாக எழுதியிருக்கிறது: ஃபயர்ஃபாக்ஸை அழைத்த பின் அது முடிவதற்காக அதிகபட்சம் ஐந்து நொடி காத்திருக்கிறது. உலாவி முன்பே ஓடிக்கொண்டிருந்தால் அழைத்த புராசஸ் கணத்தில் முடிந்துவிடும். இல்லையென்றால் அழைத்ததே உலாவியாக மாறி ஓடத் தொடங்குவதால், ஐந்து நொடியும் கடந்த பின் 'தொடங்கிவிட்டது போலும்' என்று எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறது. உலாவியைத் தனி அமர்வில் தொடங்குவதும் அதன் பிழைச்செய்திகளை முனையத்தில் கொட்டவிடாமல் தடுப்பதும் அதே இடத்தில் நடக்கின்றன. முனையத்தில் கன்ட்ரோல்-சி அழுத்தினாலும் உலாவி சாகாது. இவற்றையெல்லாம் நாமே எழுதாமல் தப்புவதற்கு ஐந்து நொடி பெரிய விலையல்ல என்று அப்படியே விட்டுவிட்டேன்.

குறிப்புகளுக்குத் தேடல் வசதி சேர்த்தபோதுதான் கோப்பு முகவரியின் எல்லை தென்பட்டது. தேடல் பக்கம், பக்கத்திலேயே இருக்கும் ஒரு ஜேசன் கோப்பை 'ஃபெட்ச்' செய்து படிக்க வேண்டும். உலாவி அதை மறுத்துவிட்டது. குரோம் நெடுநாளாகவே உள்ளூர்க் கோப்புகளை ஒன்றையொன்று படிக்க விடுவதில்லை. ஃபயர்ஃபாக்ஸ் 2019 ஜூலையில் வந்த 68ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு உள்ளூர்க் கோப்பையும் தனித்தனி மூலமாக (வெவ்வேறு தளங்களைப் போல) கருதுகிறது. பதிவிறக்கி வைத்த ஏதோ ஓர் எச்டிஎம்எல் கோப்பு, அதே அடைவில் கிடக்கும் மற்றக் கோப்புகளைப் படித்து வெளியே அனுப்பிவிடலாம் என்ற அபாயத்தை அடைப்பதற்கான மாற்றம் இது. உலாவியின் அமைப்பில் இதைத் தளர்த்தும் வழிகளைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். ஒரு தேடல் பக்கத்துக்காக உலாவி முழுவதற்கும் பூட்டைக் கழற்றுவது எனக்கு ஒப்பவில்லை.

அதனால் ஸ்கிரிப்டுக்கு '--சர்வர்' என்று இரண்டாவது முறை ஒன்று சேர்ந்தது. பைதானின் எச்டிடிபி.சர்வர் தொகுப்பு, வெளியீட்டு அடைவை மட்டும், இதே கணினியைக் குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரியில் பரிமாறுகிறது. கட்டளைவரியிலிருந்து அப்படியே ஓட்டினால் அது எல்லா வலையமைப்பு இடைமுகங்களிலும், 8000 என்ற போர்ட்டில் காதுகொடுக்கும். ஒரே வைஃபையில் இருக்கும் எவரும் அடைவைப் பார்க்கலாம் என்பதால், '--பைன்ட்' விருப்பத்தை மறக்காமல் கொடுக்க வேண்டும். சர்வர் தயாராகும் முன்பே உலாவி வந்து கதவைத் தட்டிவிடுமோ என்ற ஐயத்தில் பலர் ஒரு நொடி தூங்கவைக்கும் வரியைச் சேர்க்கிறார்கள். அது தேவையில்லை: சர்வர் பொருளை உருவாக்கும்போதே போர்ட் திறந்து காதுகொடுக்கத் தொடங்கிவிடுகிறது, அதற்குப் பின் உலாவியை அழைத்து, அதற்கும் பின் பரிமாறும் சுற்றைத் தொடங்கினாலும், இடையில் வந்த கோரிக்கை வரிசையில் காத்திருக்கும்.

போர்ட் எண்ணாகப் பூச்சியத்தைக் கொடுத்தால் இயங்குதளமே காலியான ஒன்றைத் தேர்ந்து தரும். வேறு எதுவும் அந்த எண்ணைப் பிடித்திருக்கிறதா என்ற கவலை இல்லை. தொடக்கத்தில் அப்படித்தான் வைத்திருந்தேன். ஆனால் உலாவி ஒரு தளத்தை அடையாளம் காண்பதில் போர்ட் எண்ணும் சேர்த்தி. எண் மாறினால் அது வேறு தளம். எழுத்தின் அளவு, இருள் வண்ணம் போன்று லோக்கல் ஸ்டோரேஜில் சேமித்த விருப்பங்கள் ஒவ்வொரு முறையும் மறந்துபோவதற்கு அதுவே காரணம். இப்போது 8765 என்று ஓர் எண்ணை நிலையாக வைத்து, அது கிடைக்காவிட்டால் மட்டும் பூச்சியத்துக்குப் போகிறது.

விண்டோஸில் இதே வேலைக்குத் தொகுதிக் கோப்பு எழுதுபவர்கள் 'ஸ்டார்ட்' கட்டளையின் ஒரு பழக்கத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்: மேற்கோள் குறிக்குள் வரும் முதல் உருப்படியை அது சாளரத்தின் தலைப்பாக எடுத்துக்கொள்ளும். இடைவெளியுள்ள பாதையை மேற்கோளுக்குள் கொடுத்தால் பக்கத்துக்குப் பதில் ஒரு கறுப்புச் சாளரம் திறப்பது அதனால்தான். வெற்று மேற்கோள் ஒன்றை முதலில் போட்டு, பிறகு பாதையைக் கொடுத்தால் சரியாகிவிடும். மேக்கில் 'ஓபன்' கட்டளைக்கு இந்த வம்பு இல்லை. '-ஏ' என்ற விருப்பத்தோடு உலாவியின் பெயரையும் சொல்லலாம்.

எஸ்எஸ்எச் வழியாக வேறொரு கணினியில் இருக்கும்போது ஸ்கிரிப்ட் என்ன செய்ய வேண்டும் என்பதையும் முடிவு செய்ய வேண்டியிருந்தது. வரைகலைத் திரை இல்லாத இடத்தில் எக்ஸ்டிஜி-ஓபனும் வெப்பிரவுசர் தொகுப்பும் லிங்க்ஸ், டபிள்யூ3எம் போன்ற உரை உலாவிகளைத் தேடிப் பிடித்து முனையத்துக்குள்ளேயே திறந்துவிடுகின்றன. சில வேளைகளில் அது வசதி, பல வேளைகளில் எதிர்பாராத குறுக்கீடு. ஆகவே 'டிஸ்ப்ளே', 'வேலண்ட்_டிஸ்ப்ளே' என்ற இரண்டு சூழல் மாறிகளும் வெறுமையாக இருந்தால், ஸ்கிரிப்ட் உலாவி எதையும் அழைக்காமல் முகவரியை மட்டும் அச்சிடுகிறது. சர்வர் முறையில் இருந்தால் அதோடு, என் மடிக்கணினியில் ஓட்ட வேண்டிய 'எஸ்எஸ்எச் -எல்' கட்டளையையும், இரண்டு பக்கமும் 8765 என்ற எண்ணோடு, முழுமையாக எழுதித் தருகிறது. அதை அப்படியே நகலெடுத்து ஒட்டினால், தொலைவில் இருக்கும் பக்கம் இங்கே உள்ள உலாவியில் அதே முகவரியில் திறக்கிறது.